இன்னொரு லேப்டாப்

"இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் பொறியாளரின் மனைவி.

"வைஃபை அறுந்து அறுந்து போறதுக்கு நான் எழுதின திருத்தம் சரிதானாம். ஆனா லினக்ஸ் மென்பொருள்ல சேர்க்கணும்னா, இதே வைஃபை சிப் வச்சிருக்கிற வேற யாராவது ஓட்டிப் பார்த்துட்டு, வேலை செய்யுதுன்னு லினக்ஸ்காரங்க மெயில் குழுவுல எல்லாருக்கும் எழுதணுமாம். இந்த அரதப் பழசு லேப்டாப்பை இன்னும் எவன் வச்சிருப்பான்?"

"உங்க தம்பி வச்சிருக்காரே. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வாங்கினீங்க?"

பொறியாளர் முகம் சுளித்தார். அப்பாவின் வீட்டை விற்றபோது வாய்ச்சண்டை முற்றி, அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

"அவன்கிட்டப் போய் நிக்கிறதுக்கு, இது குப்பைக்கே போகட்டும்."

மறுநாள் காலை மெயிலைத் திறந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ சோதித்துப் பார்த்து, இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை என்று குழுவுக்கு எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழேயே, திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டதாகப் பொறுப்பாளரின் பதில்.

சோதித்தவர் பெயரைப் பார்த்ததும் மனைவியை முறைத்தார். "நீதானே தம்பிக்குப் போன் பண்ணினே?"

"சத்தியமா இல்லைங்க."

தயங்கித் தயங்கித் தம்பியை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"யாருடா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணா. பேச்சு நின்னதுலேர்ந்து நானும் அந்தக் குழுவுலதான் இருக்கேன். நீ போடுற மெயில் ஒண்ணு விடாம படிக்கிறேன்."

"உனக்கெதுக்குடா அதெல்லாம்?"

"நீ நல்லா இருக்கியான்னு தெரிஞ்சுக்க, வேற என்ன வழி வச்சே எனக்கு?"