கூடத்துக்குள் ஒரு மேடு

மழை விடுவதாக இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அச்சகக்காரர் சைக்கிளைக் கூடத்தின் நடுவில் இரட்டை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் வெறும் காற்றில் சுழல, மிதித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரின் நிழல் சுவரெல்லாம் நெளிகிறது. கொடியில் தொங்கும் ஈரச் சட்டைகள் தலையில் உரசுகின்றன. “எது வரைக்கும் போயாச்சு?” பாத்திரம் கழுவும் சத்தத்தோடு சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது. “பாலம் தாண்டியாச்சு. பேச்சுக் குடுக்காத, மேடு வருது.” “ஆமா, கூடத்துல பெரிய மேடு!” அவர் இருக்கையை விட்டு எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறார். இளவயதில் அச்சகத்துக்குப் போன வழி அது. கால்கள் இன்னும் மறக்கவில்லை. மேடு முடிந்ததும் மிதிப்பதை நிறுத்தி, இறக்கத்தில் போகிறவர்போல் சாவகாசமாக உட்காருகிறார். சக்கரம் தானாகச் சுழல்கிறது. இறக்கத்தின் அடியில், கல்யாணத்துக்கு முன்னால் அவள் இருந்த வீட்டின் திருப்பத்தில், கட்டைவிரல் தன் பாட்டுக்கு மணியை அடித்துவிடுகிறது.

பாத்திரச் சத்தம் நிற்கிறது. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அவள் கதவோரம் வந்து, அந்தக் காலத்து ஜன்னலில் போலவே பாதி முகம் மட்டும் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்: “அப்பா வீட்லதான் இருக்காரு. நிக்காம போங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதிக்கிறார்.