பத்துக்குப் பத்து

“அக்கா, நீங்க கை கழுவலை!”

“கழுவினேனே வெண்டெல், ஈரம்கூடக் காயலை பாரு.”

“கழுவுனீங்க. ‘கையைக் கழுவுகிறேன்’னு சொன்னீங்களா? வாயால சொல்லலைன்னா மார்க் கிடையாது. ஞாயித்துக்கிழமை பரீட்சை. இன்னும் இதையே கத்திட்டிருக்கேன்!”

ஒடாலிஸ் தலையை ஆட்டினாள். கியூபாவில் பதினோரு வருஷம் டாக்டராக இருந்தவள். அந்தப் பட்டம் பிரேசிலில் செல்லாது; உரிமத் தேர்வில் தேறியாக வேண்டும். நான்கு தடவை போய் நான்கிலும் ஊற்றிக்கொண்டது. இப்போதைக்கு கம்ப்போ கிராண்டே நகரத்தில் ஒரு பேக்கரியில் ரொட்டி எடுத்துக் கொடுக்கிறாள். அந்த பேக்கரியின் மாடியில்தான் ஒத்திகை.

தேர்வில் நோயாளியாக நடிக்க ஆள் உண்டு. பத்து நிமிஷத்தில் அவரை விசாரித்து, செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொலிவியாவில் படித்த வெண்டெலும் பராகுவேயில் படித்த ஜுசிமாராவும் அதே தேர்வுக்குத்தான் படிக்கிறார்கள்; ஆனால் இதில் புலிகள். ஒடாலிஸுக்குக் கை பேசுமே தவிர வாய் பேசாது.

இவர்கள் பிடித்து வைத்திருந்த நோயாளி அஜெனோர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஈஸ்டருக்கு ஈஸ்டர் தேவாலய நாடகத்தில் சிலுவையில் தொங்கும் திருடன். செத்துக் காட்டுவதில் மன்னன்.

“தம்பி, மணி ரெண்டாகுது. சாப்பிட்டுட்டு வந்து சாகட்டுமா?”

“இது ஒண்ணுதான் ஐயா. சாதா வயித்துவலி. முடிச்சிடலாம்.” வெண்டெல் எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினான். பரீட்சையில் அப்படித்தானாம். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்களால எங்க நேரமும் போகுது. இன்னிக்கும் சொதப்புனீங்கன்னா, தனியாப் படிச்சுக்கங்க.”

தனியாக எப்படிப் பழகுவது? கண்ணாடியைப் பார்த்து நாடி பிடிப்பதா?

ஜுசிமாரா மணியை அடித்தாள். ஒடாலிஸ் ஆரம்பித்தாள்.

“சர்க்கரை இருக்கா ஐயா?”

“இல்ல டாக்டர்.”

“பிரஷர்?”

“இல்ல டாக்டர்.”

அஜெனோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். முதலில் சத்தமாக. அப்புறம் குழறலாக. ஒடாலிஸ் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டென்று எழுந்து, கதவைத் திறந்து, தடதடவென்று படியிறங்கி ஓடிவிட்டாள்.

“ஓடிட்டாங்க!” ஜுசிமாராவுக்கு நம்ப முடியவில்லை. “நோயாளியை நடுவுல விட்டுட்டு?”

“பயந்துட்டாங்க. பெரிய முட்டையாப் போடு” என்றான் வெண்டெல். “எப்படிச் செய்யணும்னு நான் காட்டறேன். மணியை அடி.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“வணக்கம், நான் டாக்டர் வெண்டெல். கையைக் கழுவுகிறேன். உங்க வலி எனக்குப் புரியுது ஐயா.”

“அடுத்த ஸ்டாப்பு... எல்லாரும் எறங்கு...” என்றார் அஜெனோர், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு. கை நடுங்கியது.

“அட, நாம எழுதிக் கொடுக்காத வசனம்! சட்டையெல்லாம் நனையுது பாரு. எப்படித்தான் வரவழைக்கிறாரோ!” ஜுசிமாரா மெய்மறந்தாள்.

வெண்டெல் விடவில்லை. “நோயாளி தளர்கிறார். ஆக்சிஜன் கொடுக்கிறேன். ஆம்புலன்ஸை அழைக்கிறேன்.” கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயிலும் வைத்துக்கொண்டான். “ஹலோ, ஆம்புலன்ஸா? சீக்கிரம் வாங்க!”

ஜுசிமாரா வரிசையாக டிக் அடித்தாள். “பத்துக்குப் பத்து!” கைதட்டல் வேறு.

“ஐயா, முடிஞ்சுது, எழுந்திருங்க.”

ஐயா எழுந்திருக்கவில்லை.

“ஐயா?”

கதவு படாரென்று திறந்தது. ஏப்ரனோடு ஒடாலிஸ். கையில் பெரிய தம்ளர் நிறையக் கரும்புச் சாறு.

“தள்ளு.”

அஜெனோரைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தாள். “முழுங்க முடியுதா? கொஞ்சம் கொஞ்சமா... இன்னும் ஒரு வாய்.” பாதித் தம்ளர் இறங்கியதும் அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“காலையில சர்க்கரை மாத்திரை போட்டீங்களா ஐயா?”

“போட்டேன்மா. சாப்பாடுதான் இல்ல.”

வெண்டெல் அலறினான். “உங்களுக்குச் சர்க்கரை இருக்கா? ரெண்டு வாரமா நாப்பது தடவை கேட்டிருப்போம். இல்ல இல்லைன்னீங்களே!”

“நீ எழுதிக் கொடுத்த தாள்ல அப்படித்தானே தம்பி இருந்துச்சு?”

வாசலில் சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ் நர்ஸம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

“போன் பண்ணது யாரு?”

“நான்தான்!” என்றான் வெண்டெல். சொன்ன பிறகுதான் தன் இரண்டு விரலையும் பார்த்தான்.

“பேக்கரி போன்லேர்ந்து ஒரு அம்மா பேசினதா இருக்கே?”

ஒடாலிஸ் மெல்லக் கையைத் தூக்கினாள்.

நர்ஸம்மா சோதித்துப் பார்த்தாள். இறங்கிப்போயிருந்த சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. அஜெனோரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். “நல்லவேளை, நேரத்துக்குச் செஞ்சிருக்கீங்க. முதல்ல பார்த்த டாக்டர் பேரு சொல்லுங்க, எழுதணும்.”

சட்டப்படி அங்கே டாக்டர் என்று ஒருவரும் கிடையாது.

“டாக்டர்லாம் யாரும் இல்லீங்க” என்றாள் ஒடாலிஸ், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி. “நான் கீழே ரொட்டிக் கடையில...”

ஸ்ட்ரெச்சரிலிருந்து அஜெனோர் கையை நீட்டி அவளை நிறுத்தினார்.

“எழுதிக்கம்மா. டாக்டர் பேரு ஒடாலிஸ். நோயாளி நான். மத்த ரெண்டு பேரும் நடிக்க வந்தவங்க.”