நாளைக்குக் கடையடைப்பு

“நாளைக்குக் கடை கெடையாது, இன்னிக்கே வாங்கிக்குங்க. வெளிநாட்டுக்காரன் மளிகக் கடை போட வர்றானாம். வுட்ருவமா?”

காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் சுப்பராயலு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு அனுமதி கொடுத்து டெல்லியில் எடுத்த முடிவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வணிகர் சங்க நோட்டீசில் இருந்த நாலு வரிதான். ஆனால் பேச ஆரம்பித்தால் பொருளாதாரம் படித்தவன் கைகட்டி நிற்க வேண்டும்.

பயம் என்னவோ நிஜம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த அப்பா காலத்துக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சாயங்காலம் பிரிசில்லா வந்தாள். காலனிப் பெண். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்த காலத்திலிருந்து இந்தக் கடைதான். இப்போது கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

இவள் ஒரு வார்த்தை சொன்னால் காலனி மொத்தமும் நம் பக்கம் என்று சுப்பராயலு கணக்குப் போட்டிருந்தார். துவரம்பருப்பில் ஒரு பிடி கூடவே அள்ளிப் போட்டார்.

“நீயே சொல்லும்மா. அவன் நம்மள மதிப்பானா? இங்கன்னா ஒரே குடும்பமாட்டம் இருக்கோம்.”

பிரிசில்லா பையை வாங்கிக்கொண்டாள். முகத்தில் கோபமே இல்லை.

“வரட்டும்ணே. பாண்டியில ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுல இருந்த பொண்ணு மீதிக் காச எங் கையில குடுத்துச்சி.”

அவருக்குப் புரியவில்லை. கையில் கொடுக்காமல் வேறு எங்கே கொடுப்பார்கள்?

அவள் தராசுக்குப் பக்கத்தில் இருந்த பலகையைப் பார்த்தாள்.

சுப்பராயலுவும் பார்த்தார்.

இப்போதுதான், இவளுக்கு முன்னால் வந்த ஊர்த்தெரு தமிழ்மணிக்கு மீதியைக் கையில் கொடுத்து அனுப்பினார். இவளுக்குப் பலகையில்தான். இவள் அம்மாவுக்கும் பலகையில்தான். அப்பா அப்படி வைத்தார், இவரும் வைத்தார். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு சின்னப் பெண் அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

கல்லாவிலிருந்து அவளுக்குச் சேர வேண்டிய மீதியை எடுத்தார். இன்றைக்குக் கையில்தான் கொடுக்க வேண்டும்.

பிரிசில்லாவும் உள்ளங்கையை நீட்டினாள், இந்தக் கடையில் முதல் தடவையாக.

பலகையில் காசு விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் பழக்கத்தில் தன் கை எங்கே போனதென்று சுப்பராயலுவுக்கே தெரிந்தது.