அரண்மனைக்கு அறுபது யுவான்

இருபத்துநான்கு பேரரசர்கள் அடுத்தடுத்து ஆண்ட அரண்மனையின் விலை அறுபது யுவான். பேரம் கிடையாது.

"அறுபதா? பாத்துட்டு வரவா, இல்ல நம்ம பேருக்கே எழுதித் தர்றானா?" என்றான் கௌ, மாவுக்குள் கறியை வைத்து மடித்தபடி.

காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது. மூங்கில் தட்டுகளில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. எதிரே அவன் மனைவி பெய்லிங், கைப்பேசியை சோயா சாஸ் சீசாவில் சாய்த்து வைத்து, அடுத்த புதன்கிழமைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெய்ஜிங்ல இருபது வருஷமா கடை வச்சிருக்கோம். இன்னும் அரண்மனையைப் பாக்கலைன்னா பன்னு வாங்க வர்ற பசங்க சிரிக்கறாங்கய்யா."

"சிரிக்கட்டும். சிரிப்புக்குக் காசா கேக்கறாங்க?"

கஞ்சன் என்று தெருவே அவனுக்குப் பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரை அவன் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தான். ரயிலா, வேண்டாம், செலவு. விடுதியா, வேண்டாம், செலவு. அடையாள அட்டையை நீட்டச் சொல்லும் இடம் எதுவானாலும் அவனுக்குச் செலவுதான்.

உண்மையில் காசு ஒரு பொருட்டே அல்ல. இருபத்தொரு வருஷத்துக்கு முன், தூரத்து மாகாணம் ஒன்றில், செங்கல் சூளையில் கூலித் தகராறு. மேஸ்திரியின் தலையில் ஒரே அடி. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்றே ஊரை விட்டு ஓடியவன், வேறொருவன் பெயரில் அட்டை வாங்கி, கௌ ஆனான். பெய்லிங்குக்கு இது எதுவும் தெரியாது. பிடிபட்டால் தலை தப்பாது.

"எட்டரைக்குத் தெற்கு வாசல்ல நுழையறோம். வாசல்ல அட்டையைப் பாப்பாங்க, முகத்தைப் பாப்பாங்க, அவ்வளவுதான். ஆனா நுழைஞ்ச வாசல்லயே திரும்பி வர முடியாதாம். வடக்கு வாசல் வரைக்கும் நடக்கணும்."

கௌவின் விரலில் மாவு கிழிந்தது. "இதென்ன, எலிப்பொறியா?"

"வெளிய வந்தா எதிர்லயே குன்று. மிங் வம்சத்துக் கடைசி ராஜா தூக்கு மாட்டிக்கிட்டது அங்கதான்."

"நல்ல இடமாத்தான் பொறுக்கி வச்சிருக்கே."

"மத்தியானம் கோடைக்கால அரண்மனைத் தோட்டம். ஏரி. பதினேழு வளைவு வச்ச பாலம்."

பாலம் என்றதும் அவன் கை நின்றது. சூளைக் கொட்டகையில் அவன் தலைமாட்டில் தொங்கிய நாள்காட்டியில் அந்தப் பாலம்தான் இருந்தது. ஒரு தடவை அதன் மேல் நடக்க வேண்டும் என்று அன்றெல்லாம் ஆசைப்பட்டிருக்கிறான். ஆசையை மாவோடு சேர்த்து மடித்தான்.

"அரண்மனைக்கு அறுபது, தோட்டத்துக்கு முப்பது, குன்றுக்கு ரெண்டு. தலைக்குத் தொண்ணூத்திரெண்டு. நீ போயிட்டு வா, நான் கடையைப் பாத்துக்கறேன்."

"உன் பெரியம்மா பிள்ளை, அந்த அண்ணன் கதைதான் உனக்கும். ஒண்ணையும் பாக்காமப் போய்ச் சேந்தாரு, பாவம். முகம் பாக்காத மனுஷனுக்கு வருஷா வருஷம் மேலோகச் செலவுக்குன்னு காகிதப் பணம் எரிக்கறேன். உனக்கும் எரிக்கணுமா?"

கௌ குனிந்துகொண்டான். அந்த அண்ணன் பேச்சு வந்தாலே அவனுக்குக் குனிய ஏதாவது வேலை இருக்கும்.

"விலைதானே உன் வயித்துவலி? குறைச்சுட்டா வர்றியா?"

"அரண்மனைக்காரன்கிட்டயே பேரமா! குறைச்சுக் காட்டு, வர்றேன்."

வாய் தவறித்தான் வந்தது. ஆனாலும் மனம் கணக்குப் போட்டது. இந்த அட்டையை வங்கி பார்த்தாயிற்று, ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று, ஒருவனும் புருவம் தூக்கவில்லை. அவர்கள் தேடுவது பழைய பெயரை. அந்தப் பெயர் இருபத்தொரு வருஷமாக எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. போனால்தான் என்ன? பாலத்தை ஒரு தடவை பார்த்தால்தான் என்ன?

"சரி, போவோம்" என்றான். சொன்னதும் நெஞ்சு லேசானது.

"வார்த்தை மாறக் கூடாது. நான் நேத்தே பதிவு பண்ணியாச்சு!" பெய்லிங் கை தட்டினாள். "அறுபது வயசு தாண்டினா அரண்மனை பாதி விலை, தோட்டமும் குன்றும் சும்மா. உனக்கு அம்பத்தஞ்சுதானே? அதான் உன் அண்ணன் அட்டையைப் போட்டேன். உன் பெட்டி அடியில கிடக்குமே, அது. ஃபெங் ஷௌதியென், வயசு அறுபத்தொண்ணு. மூக்கு, காது, தாடை மச்சம், எல்லாம் அச்சு அசல் நீயேதான். செத்தவருக்கு என்ன நஷ்டம்? நமக்கு அறுபத்திரெண்டு யுவான் லாபம்!"

மாவு உருண்டை கீழே விழுந்து உருண்டது. அவன் பெரியம்மாவுக்குப் பிள்ளையே கிடையாது. கல்யாணமான புதிதில் அந்த அட்டை அவள் கையில் அகப்பட்டபோது வாய்க்கு வந்த பொய்தான் அந்த அண்ணன். அன்றே அவனைச் சாகவும் வைத்தாயிற்று. அட்டையை எரிக்கத்தான் மனம் வரவில்லை. எவ்வளவு ஆனாலும் சொந்தப் பெயர்.

"ரத்து பண்ணு! இப்பவே ரத்து பண்ணுடி!"

கைப்பேசி அடித்தது. பெய்லிங் எடுத்தாள். அவசரமே இல்லாத ஓர் ஆண் குரல், ஃபெங் ஷௌதியென் என்ற பெயரை நிறுத்தி நிறுத்திப் படித்தது. பதிவைச் சரிபார்க்க வேண்டுமாம். அவள் பன்னுக்கடை விலாசத்தை மளமளவென்று ஒப்பித்தாள். இருபத்தொரு வருஷமாக எந்தப் பதிவிலும் இல்லாத ஆள், செத்துவிட்டார் என்றல்லவா நினைத்தோம் என்றது குரல்.

அவள் கைப்பேசியைப் பொத்திக்கொண்டு கண்ணடித்தாள். "நீ வாயைத் திறந்தே, பாதி விலை போச்சு." பிறகு குரலில் தேன் தடவிச் சொன்னாள்:

"செத்துட்டாரா? யாருங்க சொன்னது? உசுரோட இதோ என் எதிர்லயே நிக்கறாருங்க!"