நாற்பத்தொன்பதுக்கு அப்புறம்

அலமாரிக்குள் ஏற்கெனவே அவன் மனைவி ஒளிந்திருந்தாள்.

வேறெங்காவது ஓடலாமென்றால் நேரமில்லை. கூடத்தில் ஆறு வயது மகள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். அவன் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, மடித்து வைத்த போர்வைகளின்மேல் உட்கார்ந்தான்.

மனைவி முழங்காலை நகர்த்தி இடம் விட்டாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

அந்த அலமாரிக் கதவுகள் தாமாக மூடி நிற்காது. தாழ்ப்பாள் உடைந்து எட்டு மாதமாகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சரி செய்கிறேன் என்று அவன் சொல்லியும் எட்டு மாதமாகிறது. ஆகவே இடது கதவை அவளும் வலது கதவை அவனும் விளிம்பில் விரல் கொடுத்து இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இருவரும் முகம் கொடுத்துப் பேசி நான்கு நாளாகிறது.

அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். தினமும் தொண்ணூற்றாறு படி. இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள்.

இவ்வளவு கெட்டிக்காரர்களான இரண்டு பேரும், போன திங்கட்கிழமை மகளை அழைத்துப் போகப் பள்ளி வாசலில் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். அவன் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தான். அவள் கடை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, நேற்றுபோலவே இன்றும் மற்றவர் வந்துவிடுவார் என்று நம்பி, இரண்டு பேருமே வரவில்லை.

மகள் ஒன்றரை மணி நேரம் பள்ளி வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்தாள். அவரிடம் விசிலடிக்கக் கற்றுக்கொண்டாள். நாளைக்கும் யாரும் வர வேண்டாம் என்றாள்.

பெற்றவர்கள் இரண்டு பேரும்தான் அன்று ராத்திரி சண்டைக்கு நின்றார்கள். 'நீதானே', 'நீங்கதானே' என்று ஆரம்பித்த பேச்சில் அவன் அம்மா, அவள் அண்ணன் என்று சம்பந்தமில்லாத எல்லோரும் வந்து போனார்கள். பிறகு பேச்சே நின்றுபோனது.

அதற்கப்புறம் வீட்டில் எல்லாச் செய்தியும் மகள் வழியாகத்தான். பால் தீர்ந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல், கரண்ட் பில் வந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல். முதல் நாள் அட்சரம் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இரண்டாம் நாள் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்ந்தது. பாலோடு ஐஸ்கிரீமும் தீர்ந்துவிட்டதாக அவனுக்குத் தகவல் வந்தது. மூன்றாம் நாள் ஒரு செய்திக்கு ஒரு பிஸ்கட் என்று ஆனது.

இன்று காலை அந்தத் தூது வேலையையே விட்டுவிட்டாள். வாங்க, கண்ணாமூச்சி ஆடலாம் என்று இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பாத்ரூமில் ஒளியக் கூடாது. சமையலறையில் ஒளியக் கூடாது. கட்டிலுக்கு அடியில் கூடவே கூடாது. எல்லாம் அவள் போட்ட சட்டம்தான். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அதற்குமேல் ஒளிய என்ன இருக்கிறது?

"நாப்பத்தெட்டு... நாப்பத்தொன்பது..." வெளியே குரல் கொஞ்சம் தயங்கியது. "நாப்பது. நாப்பத்தொண்ணு..."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மூன்று நிமிடத்துக்குமேல் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது அவன் தொழிலில் கண்ட உண்மை. முன்பின் தெரியாதவர்களாக ஏறியவர்கள், அவன் கதவைத் திறக்கும்போது ஒருவருக்கொருவர் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மகள் மறுபடியும் நாற்பத்தொன்பதைத் தொட்டாள். மறுபடியும் நாற்பதுக்கு இறங்கினாள்.

"இவளுக்கு அம்பது தெரியாதா?" என்றாள் மனைவி, தன்னையறியாமல்.

"நீ சொல்லிக்கொடுத்திருப்பேன்னு நினைச்சேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமையும் இதே கதைதான். அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். இருட்டில் அவள் தோள் குலுங்குவது அவன் தோளில் தெரிந்தது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாற்பத்தொன்பதில் அவன் வாயைத் திறந்தான்.

"அன்னிக்கு ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. ஏழு பேரை வெளிய எடுத்தேன். எல்லாரும் கையைப் பிடிச்சு நன்றி சொன்னாங்க. நீ போயிருப்பேன்னு விட்டவனுக்கு நம்ம பொண்ணு மட்டும் அப்புறம் ஞாபகத்துக்கே வரல."

அவள் சிரிப்பு நின்றது.

"ஸ்கூல்லேர்ந்து போன் வந்ததும் செருப்புகூட போடாம ஓடினேன்" என்றாள் மெதுவாக. "உங்ககிட்ட கத்தினது கோவத்துல இல்ல. பயத்துல."

கதவைப் பிடிக்காத கையால் அவள் கையைத் தேடினான். பாதி வழியிலேயே அது கிடைத்தது. நான்கு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

வெளியே ஐந்தாவது தடவையாக நாற்பது வந்தது.

"பாவம், அங்கயே சுத்திக்கிட்டிருக்கா. போய் சொல்லிக்கொடுங்க" என்றாள்.

அவன் கதவை ஒரு விரற்கடை திறந்து எட்டிப்பார்த்தான்.

மகள் கூடத்தில் இல்லை. அலமாரிக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைப் பொத்தவில்லை. கையில் பாதி பிஸ்கட். கதவு விளிம்புகளில் வெளியே தெரிந்த எட்டு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொன்பது" என்றாள். பிஸ்கட்டை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள். "நாப்பது."

தினமும் ஏறுகிற படிகள் தொண்ணூற்றாறு என்று அவனுக்குச் சொன்னதே அவள்தான். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டேதான் ஏறுவாள். அது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"என்ன, வர்றாளா?" என்று உள்ளேயிருந்து மனைவி கிசுகிசுத்தாள்.

அவன் கதவை மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல. இன்னும் எண்ணி முடிக்கல."