சீட்டுக்கு அடியில்

ஒரு தம்பதி போன வருடம் புரோக்கர் மூலம் விற்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மறுபடியும் விற்பனைக்கு வந்திருந்தது. விளம்பரத்தைப் பார்த்து இருவரும் அதை வாங்கியிருந்தவர் வீட்டுக்கே போனார்கள்.

“அப்பா வாங்கிக் கொடுத்த தோட்டுல ஒண்ணு இதுலதான் விழுந்திருக்கணும். நேரா கேட்டா இல்லைன்னுடுவாங்க. வாங்கற மாதிரியே நடிங்க,” என்று மனைவி கிசுகிசுத்தாள்.

கணவர் டயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு சீட்டுக்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.

“சார், எஞ்சின் முன்னாடி இருக்கு,” என்றார் கார்க்காரர்.

“துரு இருக்கான்னு பார்க்கறேன்,” என்று அசடு வழிந்தார் கணவர்.

கார்க்காரர் சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து ஒற்றைத் தோட்டை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார்.

“புரோக்கர் உங்க நம்பரைத் தரலைம்மா. வந்த ஒன்பது பேரும் எஞ்சினைத்தான் பார்த்தாங்க. இவர் கையை விட்ட இடத்தைப் பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு. உங்களைக் கண்டுபிடிக்கத்தான் விளம்பரமே கொடுத்தேன். காரை நான் விக்கறதா இல்லை!”