ஒற்றை அடி

வீட்டுக்காரர் ஜாஸ் இசைத்தட்டைச் சுழலவிட்டதும் ஜன்னல் விளிம்பில் அணில் துள்ளியது. "மைனாக்கா, இப்போ வரும் பார்!"

மைனா சாக்ஸபோன் கட்சி. மூன்று நாள் கெஞ்சித்தான் அணில் அதைக் கூட்டி வந்திருந்தது. டிரம்பெட் உச்சிக்கு ஏறும்போது டிரம்காரர் 'டக்' என்று வைக்கும் ஒற்றை அடிக்கு அணில் உயிரையே கொடுக்கும்.

டிரம்பெட் ஏறியது. அடி விழவில்லை.

"இதுக்காகவா என்னை இழுத்துட்டு வந்தே?" என்றது மைனா.

அணிலுக்கு அழுகை வந்துவிட்டது. சுவரில் இருந்த பல்லி சிரித்தது. "இது நேத்து வாங்கின புதுத் தட்டு. பழைய தட்டுல அந்த இடத்துல ஒரு கீறல். அதுதான் உன் டக்."

"கீறலா தாளம் போட்டுச்சு?" மைனா சிறகடித்து எழுந்தது. "அப்படி ஒரு தட்டு உலகத்துலயே ஒண்ணுதானே இருக்கும்! எங்கே அது?"

"பரண்மேல" என்று பல்லி சொல்லி முடிப்பதற்குள் இரண்டும் ஜன்னலுக்குள் பாய்ந்துவிட்டன.